புகை படிந்த சீதை: ஒப்படைக்காகக் கம்பனைப் படித்தபோது

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கம்பராமாயணத்தை நாங்கள் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. உயர்தரத்தில் தமிழ் எடுத்த எங்கள் நாலு பேருக்கும் ஒரே ஒப்படை கிடைத்தது. சுந்தர காண்டம், காட்சிப் படலம். அதில் சில பாடல்களுக்குப் பொருள் எழுத வேண்டும், நயம் எழுத வேண்டும், இரண்டு கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நயம் எழுதுவது எப்படி என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 'உவமை அணி சிறப்பாக அமைந்துள்ளது. எதுகை மோனை இன்பம் தருகிறது. கவிஞரின் கற்பனை வளம் வெளிப்படுகிறது.' இந்த மூன்று வரியை எந்தப் பாட்டுக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். நாங்களும் அதைத்தான் எழுதி முடித்திருப்போம். ஒரு உவமை இடையில வந்து கெடுத்துவிட்டது. நல்லபடியாகத்தான்.

கம்பனைப் பற்றிக் கொஞ்சம். திருவழுந்தூர்க்காரர். வாழ்ந்த காலம் 9ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எழுதியது ஆறு காண்டம், ஏறத்தாழ 10,000 பாடல். ஐந்தாவதுதான் சுந்தர காண்டம். அனுமன் கடல் தாண்டி, இலங்கை முழுக்கத் தேடி, கடைசியில் அசோகவனத்தில் சீதையைப் பார்க்கிற இடம் காட்சிப் படலம். அனுமன் பார்ப்பதற்கு முன்னாலேயே கம்பன் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அவள் எப்படி இருக்கிறாள் என்று பாட்டுப் பாட்டாகக் காட்டுகிறான்.

மாற்றிக் கட்ட வேறு துணி இல்லை. குளிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவன், அவளுடைய உருவத்துக்கு ஒரு உவமை சொல்கிறான்: கடல் அமுதத்தைக் குழைத்து மன்மதன் தீட்டிய ஓவியம் ஒன்று, புகை படிந்து கிடந்தால் எப்படியோ, அப்படி.

எங்களில் ஒருத்தி அதைத் தன் அம்மாயிக்கு வாசித்துக் காட்டினாள். அம்மாயி பெயர் பதிந்து 40 வருசம் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. பாட்டு அவருக்கு விளங்கவில்லை. எங்களுக்கே விளங்காதபோது அவருக்கு எப்படி? பொருளைச் சொன்னதும் நிமிர்ந்து சுவரைக் காட்டினார்.

"அந்தா, நம்ம லெச்சுமி படம் மாதிரி."

லயத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கிட்டத்தட்ட 10க்கு 12 அடியில் ஒரு அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு, அதிலேயோ ஒட்டினாற்போலவோ விறகு அடுப்பு. மலையில் பாதி நாள் மழை, விறகு ஈரம், புகை போக வழி கிடையாது. தீபாவளிக்கு வாங்கி மாட்டின சாமிப் படம் அடுத்த தீபாவளிக்குள் மஞ்சளாகி, பிறகு மண்ணிறமாகி, கடைசியில் முகம் மட்டும் மங்கலாகத் தெரியும். துடைத்தால் இன்னும் மோசமாகும். ஆனால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. உள்ளே இருப்பது லெச்சுமி என்று வீட்டுக்குத் தெரியும்.

கம்பன் சொல்வதும் இதுதானே? ஓவியம் அழியவில்லை. மேலே புகைதான் படிந்திருக்கிறது. உரைநூலில் 'பொலிவிழந்த தோற்றம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள். எங்கள் அம்மாயி அதைவிடச் சரியாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் இந்தப் பாடல்களை எங்கள் வீட்டுக்குள் வைத்துப் படிக்கத் தொடங்கினோம்.

படிக்கத் தொடங்கியதும் வந்த முதல் கேள்வி: கம்பன் எங்கள் வீட்டுக்கு முன்னாடியே வந்திருக்கிறானா?

அவன் பேர் வந்ததோ இல்லையோ, கதை வந்திருக்கிறது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இராமேஸ்வரம் பக்கத்துக் கரையிலிருந்து மன்னார்க் கரைக்குத் தோணியில் வந்து, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து மலை முழுக்கத் தேயிலை ஆனது. முதல் சனங்கள் அனுமன் தாண்டிய கடலைத்தான் தாண்டி வந்தார்கள், இராமன் அணை கட்டியதாகச் சொல்கிற அதே இடத்து வழியாக. அந்தக் கதையை அவர்கள் மறந்திருக்க முடியாது.

ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் விடவும் இல்லை. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கதவு திறந்த அந்த நேரத்திலும் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், நாலைந்து வகுப்பு. அதற்குமேல் மலையில் வேலை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அந்தப் பள்ளிக்கூடங்களும் படிப்படியாக அரசிடம் போயின. ஆக, எங்கள் வீடுகளில் உயர்தரத்துக்கு வந்து கம்பனை 'பாடமாக' படிக்கிற முதல் ஆட்கள் நாங்கள்தான்.

அதற்காக, எங்களுக்கு முன்னால் காவியமே இல்லாமல் இருந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி-மன்மதன் கதை, காமன் ஊன்றுவதிலிருந்து தகனம் வரைக்கும் ஊர் கூடி ஆடுகிற கதை. பாரதத்திலிருந்து அர்ச்சுனன் தபசு. அர்ச்சுனன் வேசம் கட்டினவர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், கீழே எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொங்கு நாட்டிலிருந்து வந்த பொன்னர் சங்கர். மார்கழியில் பஜனை, அதில் இராமன் பாட்டு. புத்தகமே கையில் இல்லாமல், பகல் முழுக்க மலையேறி இறங்கின ஆட்கள், இராத்திரி விடிய விடிய இவற்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கு யாரும் பொருளும் நயமும் எழுதச் சொல்லவில்லை. புள்ளியும் போடவில்லை. ஆனாலும் 200 வருசம் மறக்காமல் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சீதா எலிய போனோம். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், ஹக்கல பூங்காவுக்குச் சற்று முன்னால். சிங்களத்தில் 'எலிய' என்றால் வெளிச்சம், வெட்டவெளி. வீதியோரமாகவே கோயில். கீழே ஓடை, ஓடைக்கரைப் பாறையில் குழிகள், அவைதான் அனுமன் காலடி என்கிறார்கள். இதுதான் அசோகவனம் என்பது இங்கே உள்ளவர்களின் நம்பிக்கை. சீதைக்கென்று இருக்கிற கோயில் உலகத்திலேயே அரிது என்பதால் இந்தியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரீகர்கள் வருகிறார்கள். 2000களின் பிற்பாதியில் சுற்றுலாத் துறை 'இராமாயணப் பாதை' என்று ஒன்றைத் தொடங்கிய பிறகு இன்னும் கூடிவிட்டது. 2024 மே மாதம் நடந்த கும்பாபிசேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்பன் நுவரெலியாவையோ ஹக்கலவையோ எங்கேயும் சொல்லவில்லை. அவன் காட்டுகிற இலங்கை பொன்னும் மணியும் இழைத்த கற்பனை நகரம். சீதா எலியதான் அசோகவனம் என்பதற்குக் கல்வெட்டோ அகழாய்வோ கிடையாது. அது நம்பிக்கை. நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் அதில் சண்டை இல்லை. வரலாறு என்று சொல்லும்போதுதான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஓடைக்கரையில் நின்று ஒப்படைத் தாளை எடுத்து வாசித்தோம். அங்கே இன்னொரு உவமை. பாறை இடுக்கில் முளைத்து, ஒரு துளி தண்ணீரைக்கூடக் காணாத மருந்துச் செடி போல சீதை வாடியிருந்தாளாம். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு மேலே தூறல், காலடியில் ஓடை, சுற்றிலும் பனிமூட்டம். இந்த ஊரில் செடி தண்ணீர் காணாமல் வாடுவதா? அழுகித்தான் போகும்!

பிறகு ஹக்கல பூங்காவுக்குப் போனோம். அங்கே போனால் வேறொரு மருந்துச் செடியின் கதை இருக்கிறது. அந்தப் பூங்கா 1861இல் பிரிட்டிஷார் தொடங்கியது. எதற்கு? பூ பார்ப்பதற்கில்லை. சிங்கோனா வளர்க்க. மலேரியாவுக்கு மருந்தான கொயினா எடுக்கிற மரம். தென் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்த மலையில் நட்டுப் பார்த்தார்கள். கோப்பி விழுந்த நேரத்தில் பல தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்குத் தாவினார்கள், விலை சரிந்ததும் தேயிலைக்குத் தாவினார்கள். கோப்பி, சிங்கோனா, தேயிலை எல்லாமே வெளியே இருந்து கொண்டுவந்து நட்டவை. பயிர் மாறினாலும் நட்ட கைகள் மாறவில்லை. அசோகவனம் என்று நாங்கள் பார்க்கப்போன இடத்தில் பார்த்தது அதைத்தான்.

இந்த நேரத்தில் இன்னொன்றும் உறைத்தது. இராமனுக்கு ஒரு கட்சி இருக்கிறது. இராவணனுக்கும் ஒரு கட்சி இருக்கிறது, ஒன்றல்ல, பல. தமிழ்நாட்டில் திராவிட இயக்கத்தார் இராவணனைத் தமிழ் வீரனாகப் பார்த்தார்கள். புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார், 1948இல் அரசு அதைத் தடைசெய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. இங்கே சிங்களவரில் ஒரு பகுதியினர் இராவணனைத் தங்கள் ஆதி அரசனாகச் சொல்கிறார்கள். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செயற்கைக்கோளின் பேர் 'இராவணா-1'. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இராமனோடு வருகிறார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் யார் இருக்கிறார்கள்? பாடத்தில்கூட அவள் 'கற்பின் சிறப்பு' என்ற ஒரு தலைப்புக்குள் முடிந்துவிடுகிறாள்.

எங்களை அதிகம் உலுக்கிய பாட்டு இந்த இடத்தில்தான் வருகிறது. அதில் சீதை என்ன நினைத்து அழுகிறாள் தெரியுமா? அவருக்கு யார் கீரை சமைத்துப் போடுவார்கள்? விருந்தாளி வந்தால் என்ன செய்வார்? நான் கொண்ட நோய்க்கு மருந்துதான் உண்டா? கீரைக்குக் கம்பன் போட்டிருக்கிற சொல் 'அடகு'. நாங்கள் முதலில் நகை அடகு என்று நினைத்து ஒரு மணித்தியாலம் குழம்பினோம். அப்புறம்தான் உரையைப் பார்த்தோம். அடகு என்றால் இலைக்கறி. இராட்சசிகளின் காவலில், சாவைப் பற்றி யோசிக்கிற நிலையிலும், ஒரு பெண் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறாள்.

இதையும் வீட்டில் வாசித்தோம். இந்தத் தடவை அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அக்காவும் கப்பலேறுறப்ப இதத்தான் கேட்டுச்சு" என்றார்.

எங்களுக்கு அந்த அக்காவைத் தெரியாது. ஆனால் அந்தக் கப்பலின் கதை பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வரலாற்றில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். கணக்குப் பார்த்தது 9,75,000 பேரை. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்று ஆனது. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். வந்த அதே கடல். போன பலரைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்த்தினார்கள். அவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அங்கேயும் கொழுந்துதான்.

அதே பாட்டின் கடைசி வரியை நாங்கள் ஆளுக்கொரு தடவை வாசித்தோம். உட்கார்ந்திருந்த நிலத்தைச் செல் அரித்தும் அவள் எழவில்லையாம். 'செல்' என்றால் கறையான். ஒரு இடத்தில் எத்தனை நாள் இருந்தால் அந்த மண் செல் அரிக்கும்? எங்கள் சனம் ஒரே லயத்தில் நாலு தலைமுறை, ஐந்து தலைமுறை இருந்திருக்கிறது. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவழியாக முடிந்தது. ஆனால் இருக்கிற இடத்துக்கு உறுதி? அது இன்னும் பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு நடக்கிறது. கம்பனில் இராவணன் சீதையைத் தொடாமல், குடிசையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்து வருகிறான். வால்மீகியில் அப்படி இல்லை, இது கம்பன் செய்த மாற்றம் என்று வகுப்பில் சொன்னார்கள். எங்களுக்குத் தோன்றியது வேறு: கம்பனின் சீதை மண்ணோடு வந்தாள். எங்கள் ஆட்கள் மண் இல்லாமல் வந்தார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 'நம்ம சனத்தைச் சீதைன்னு சொல்லி முடிச்சிறாதீங்க' என்றான் ஒருவன். அவன் சொன்னது நியாயம். சீதை காத்திருந்தாள். கடல் தாண்டி ஒரு படை வந்தது. எங்களுக்கு எந்தப் படையும் வரவில்லை, எங்கள் ஆட்கள் சும்மா காத்திருக்கவும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்து, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்விட்டார். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதில் தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 2023இல், வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மறுபடி நடந்தார்கள், இந்தத் தடவை உரிமை கேட்டு. இதெல்லாம் காத்திருந்தவர்கள் செய்கிற காரியமில்லை.

இன்னொருத்தி அதற்கும் கம்பனிலிருந்தே பதில் எடுத்தாள். இரண்டு படலம் தள்ளி, சூடாமணிப் படலத்தில், 'என் தோளில் ஏறுங்கள், தூக்கிக்கொண்டு போகிறேன்' என்று அனுமன் கேட்கிறான். சீதை மறுக்கிறாள். உலகங்கள் எல்லாவற்றையும் என் சொல்லாலேயே சுட முடியும், ஆனால் அது அவருடைய வில்லுக்கு இழுக்கு என்பதால் விட்டேன் என்கிறாள். ஆக, அவளும் வெறுமனே அழுதுகொண்டிருந்த ஆள் இல்லை. அந்த முடிவுக்கு அவள் சொன்ன காரணம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சக்தி உள்ளவள் ஏன் ஒரு வில்லின் மானத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? நாலு பேரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒப்படையில் இதை எழுதவும் இல்லை, இடம் போதவில்லை.

புகை படிந்த படத்தை மட்டும் எழுதினோம். திரும்பி வந்த தாளில் அந்தப் பந்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்வி: 'இது எந்த உரையில் உள்ளது?' புள்ளி குறையவில்லை, கூடவும் இல்லை. கேள்வி நியாயமானதுதான். உரையாசிரியர்கள் இல்லாமல் எங்களால் 'அடகு'க்கே பொருள் கண்டிருக்க முடியாது. ஆனால் உரை எழுதியவர்களில் யாராவது ஈர விறகில் அடுப்பு ஊதியிருப்பார்களா என்று எங்களுக்குச் சந்தேகம்.

உங்களுக்கும் இப்படி ஒரு காவியத்தில் ஒப்படை வரும். கம்பராமாயணமாக இருக்கலாம், சீறாப்புராணமாக இருக்கலாம், தேம்பாவணியாக இருக்கலாம். உரைநூலைக் கட்டாயம் பாருங்கள். பார்த்த பிறகு ஒரு இரவு வீட்டில் உள்ள மூத்த ஆளிடம் பொருளைச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாயி இப்போது சுந்தர காண்டம் முடிந்து அடுத்தது என்ன என்று கேட்கிறார். யுத்த காண்டம், பெரிசு, மாதக்கணக்காகும் என்றோம்.

"ஆகட்டும். நா எங்கயும் போகல" என்றார்.